டிசம்பர் 16: வாசிகசாலைப் பலகையில் என்ன எழுதலாம்?

கடற்கரைவீதி | டிசம்பர் 8, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன வாசிகசாலை நடத்துகிறோம். வாசலில் ஒரு கரும்பலகை. கிழமைக்கு ஒரு தடவை "இந்த நாளில்" என்று தலைப்புப் போட்டு எழுதுவோம். இந்த முறை டிசம்பர் 16, எழுத வேண்டியது நான்.

போன தடவை ஒரு பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினேன். இருபத்தைந்து வரி. இன்ன ஆண்டு இன்னார் பிறந்தார், இன்ன ஆண்டு இன்ன ஒப்பந்தம். ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள் பார்த்தபடியே நடந்து போனார்கள். ஒரு சின்னவன் மட்டும் நின்று ஒரு வரியைக் காட்டி, "மிஸ், இது எங்களுக்கு என்ன?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இரண்டு கிழமையாக மனதில் கிடக்கிறது.

ஆகவே இந்த முறை ஐந்தே ஐந்து போதும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றும் கொழும்புப் பிள்ளை ஒன்று நின்று வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும். முதலாவது என்னிடம் இருக்கிறது: 1925 டிசம்பர் 16, கொழும்பு வானொலி தொடங்கிய நாள். வெலிக்கடையில் ஒரு கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்புக் கருவி. தொடக்கி வைத்தவர் ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட். 2025இல் நூறு ஆண்டு நிறைந்தது. மிச்ச நான்குக்கு உதவி செய்யுங்கள்.

பொறளைச்சந்தி | டிசம்பர் 8, இரவு 9.52

தங்கச்சி, வானொலியைப் பற்றி எழுதும்போது எட்வர்ட் ஹார்ப்பரை விட்டுவிடாதீர்கள். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர். 1923இலேயே மத்திய தந்திக் கந்தோரின் சின்ன அறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். அதற்கான ஒலிபரப்புக் கருவியை, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு செய்ததாகப் பதிவு இருக்கிறது. போருக்குச் செய்த கருவி பாட்டுப் போட்டது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நிற்கும். பம்பாயில் வானொலி நிலையம் திறந்தது 1927 ஜூலையில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது என் வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் பிறந்தது 1917 டிசம்பர் 16, இங்கிலாந்தில் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில். 1956இல் இலங்கைக்கு வந்தவர், சாகும்வரை இங்கேதான் இருந்தார். 2008 மார்ச் 19 இறந்தார், பொறளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். எங்கள் பிள்ளைகள் 154 பஸ்ஸில் அந்த மதிலைத் தாண்டிப் போகிறார்கள்.

புதுச்செட்டித்தெரு | டிசம்பர் 8, இரவு 10.15

போஸ்டன் தேநீர் விருந்தும் டிசம்பர் 16தானே? 1773. சிலோன் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அதைப் போடுங்கள் அக்கா. நம்முடைய சாமான்!

கொழுந்துக்கூடை | டிசம்பர் 9, காலை 6.20

தம்பி, நாள் சரி, தேயிலை பிழை. முப்பது வருடம் கொழும்பில் ஒரு தேயிலைத் தரகர் கந்தோரில் வேலை செய்தவள் நான். இதைத் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது.

அன்றிரவு போஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள் என்பது வழக்கமான கணக்கு. நாற்பது தொன்னுக்கு மேல். அவ்வளவும் சீனத் தேயிலை, கிழக்கிந்தியக் கம்பனி கொண்டுவந்தது. பெரும்பகுதி போஹி என்கிற கறுப்புத் தேயிலை, கொஞ்சம் பச்சைத் தேயிலையும் உண்டு. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி, அதை விதித்த பாராளுமன்றத்தில் தங்களுக்கு ஒரு இடம்கூட இல்லை என்பதுதான் அவர்களுடைய கோபம்.

அந்த நாளில் கொழும்பு ஒல்லாந்தர் கையில் இருந்தது. இங்கிருந்து கப்பல் ஏறியது கறுவா. மலைநாட்டில் தேயிலை வியாபாரத்துக்காக நட்டது 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர், பத்தொன்பது ஏக்கர். போஸ்டனுக்குப் பிறகு 94 வருடம். கொழும்பில் முதல் ஏலம் 1883 ஜூலை 30. கோப்பியை நோய் தின்ற பிறகுதான் தேயிலை எழும்பியது. அதற்காகக் காடு வெட்டிய கைகள் யாருடையவை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் அம்மம்மா ஹற்றனில் கொழுந்து பறித்தவ. அவவின் உள்ளங்கைக் கோடுகளில் இருந்த கறுப்பு, வயதாகித் தோட்டத்தை விட்டு எங்களோடு கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகும் போகவில்லை. எலுமிச்சம்பழத் தோல் வைத்துத் தேய்ப்பா. நான் கந்தோரில் வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளில் சுவை பார்க்கிற மேசையைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொண்டே இருப்பா. தான் பறித்த தேயிலையின் நல்ல தரத்தை அவ ஒரு நாளும் குடித்ததில்லை. நான் முதன்முதல் கொண்டுபோய் ஊற்றிக் கொடுத்தபோது அவவுக்கு எழுபத்தொரு வயது.

அதனால் தங்கச்சி, போஸ்டனைப் போடுவதென்றால் "இது எங்கள் தேயிலை அல்ல, எங்கள் தேயிலை 94 வருடம் பிந்தியது" என்று சேர்த்து எழுதுங்கள்.

புதுச்செட்டித்தெரு | டிசம்பர் 9, காலை 7.05

மன்னிக்க வேண்டும் அம்மா, இவ்வளவு நாளும் பிழையாகவே நினைத்திருந்தேன். உங்கள் அம்மம்மாவின் கதையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

மணிக்கூடு | டிசம்பர் 9, மாலை 5.40

பீத்தோவனைப் போடப் போகிறீர்கள் என்றால் கவனம். 1770 டிசம்பர் 16 என்று பல இடத்தில் போட்டிருக்கும். பதிவில் இருப்பது ஞானஸ்நானம் மட்டும், 17ஆம் திகதி, பொன் நகரத்தில். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் இருந்ததால் 16 என்று கணித்தார்கள். கணிப்பு வேறு, பதிவு வேறு.

ஓவியர் கான்டின்ஸ்கி 1866இல் மொஸ்கோவில் பிறந்தபோது அங்கே பழைய நாட்காட்டியில் டிசம்பர் 4. இப்போதைய கணக்கில் 16. பிறந்த வீட்டில் கேட்டிருந்தால் 4 என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஜேன் ஒஸ்டினில் சந்தேகம் இல்லை. 1775 டிசம்பர் 16, ஹாம்ப்ஷயரில் ஸ்டீவென்டன். 1811இல் அவருடைய முதல் நாவல் வந்தபோது முகப்புப் பக்கத்தில் பெயர் இல்லை, "ஒரு சீமாட்டி எழுதியது" என்று மட்டும் போட்டார்கள். இதைப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

டிசம்பர்க்காரி | டிசம்பர் 9, இரவு 8.30

மணிக்கூடு அண்ணா சொன்ன திகதிச் சிக்கல் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நான் 1968 டிசம்பர் 16, கொட்டாஞ்சேனை. என் தங்கையின் மகன் 1999 டிசம்பர் 16, இரவு 12.10க்குப் பிறந்தான். ஆஸ்பத்திரித் துண்டில் 16. ஆனால் அது புதிய நேரம். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நேரத்தை மாற்றினார்களே: மே 25இல் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்து, 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. பழைய நேரப்படி அவன் பிறந்தது 15ஆம் திகதி இரவு 11.40. சாதகம் எழுதப் போனபோது ஐயா முதலில் கேட்ட கேள்வியே "பழைய நேரமோ புதிய நேரமோ?" என்பதுதான். பஞ்சாங்கத்தில் எப்படியும் சூரியன் உதிக்கும்வரை முதல் நாள்தான் என்று அவர் சொன்னார்.

நாங்கள் பெரியம்மாவும் பெறாமகனுமாக 16இலேயே கேக் வெட்டுகிறோம்.

கடற்கரைவீதி | டிசம்பர் 9, இரவு 8.55

அக்கா, இந்த ஒன்றே ஒரு முழுப் பலகைக்குக் காணும்! பஞ்சாங்கம் என்றதும்தான் நினைவு வந்தது, மார்கழி 1 பெரும்பாலும் டிசம்பர் 16இல்தானே வருகிறது. அதையும் ஒரு மூலையில் எழுதுகிறேன்.

பொறளைச்சந்தி | டிசம்பர் 9, இரவு 9.20

எழுதுங்கள். ஆனால் திருவெம்பாவை அன்றைக்கே தொடங்குகிறது என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் கோயில்களில் திருவாதிரையோடு முடிகிற மாதிரிப் பத்து நாள்தான் பாடுவது. அந்த நாள் வருடா வருடம் மாறும்.

ஹவ்லொக்வாசி | டிசம்பர் 10, காலை 9.15

யாரும் 1971ஐச் சொல்லவில்லையே. டாக்காவில் ரம்னா குதிரைப் பந்தயத் திடலில் பாக்கிஸ்தான் ஜெனரல் நியாசி, இந்திய ஜெனரல் அரோராவிடம் சரணடைந்து கையெழுத்திட்ட நாள் டிசம்பர் 16. ஏறத்தாழ 93,000 பேர் கைதானார்கள். வங்கதேசத்துக்கு வெற்றி நாள். கொழும்புக்கும் இதில் பங்கு உண்டு. அந்த வருடம் பெப்ரவரியில் இந்தியா தன் வான்வழியை மூடியதால், பாக்கிஸ்தான் விமானங்கள் கடலைச் சுற்றிக்கொண்டு கொழும்பில் எரிபொருள் நிரப்பித்தான் அப்போது கிழக்குப் பாக்கிஸ்தானாக இருந்த வங்கதேசத்துக்குப் போயின.

டிசம்பர்க்காரி | டிசம்பர் 10, காலை 10.02

சின்னப் பிள்ளைகள் பார்க்கிற பலகையில் போர் வேண்டாம் என்பது என் கருத்து. 2014 டிசம்பர் 16 பாக்கிஸ்தானில் பெஷாவர் பாடசாலையில் நடந்த தாக்குதலையும் பிறகு யாராவது கேட்பார்கள். 130க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதை எப்படி ஒரு வரியில் எழுதுவீர்கள்?

ஹவ்லொக்வாசி | டிசம்பர் 10, நண்பகல் 12.30

பெஷாவர் விடயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அது பலகைக்கு அல்ல, பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டியது. ஆனால் 1971ஐ மறைக்க வேண்டாம். வங்கதேசம் தொடங்கியது மொழியில். தாய்மொழிக்காக 1952இல் டாக்காவில் சுடப்பட்ட மாணவர்களிலிருந்து வருகிற கதை அது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது புரியாமல் போகாது. எழுதும்போது சரணடைந்தவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள், அந்த வருடம் எல்லை தாண்டி இந்தியாவுக்கு ஓடிய ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளையும் எழுதுங்கள். வென்றவர், தோற்றவர் என்று மட்டும் எழுதினால்தான் அது போர்ச் செய்தி ஆகிறது.

டிசம்பர்க்காரி | டிசம்பர் 10, நண்பகல் 12.48

சரி. அப்படி எழுதினால் எனக்கு மறுப்பில்லை.

இரண்டாம்குறுக்கு | டிசம்பர் 10, இரவு 11.25

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து இப்போதுதான் எழுத நேரம். நீங்கள் எல்லோரும் தனித்தனியாகச் சொன்னதில் இரண்டு ஒன்றோடொன்று தொடுக்கிறது. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

1947 டிசம்பர் 16. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பெல் ஆய்வுகூடம். ஜோன் பார்டீனும் வோல்ட்டர் பிராட்டனும் ஒரு சின்ன ஜெர்மானியத் துண்டில் தங்கத் தகட்டின் இரண்டு ஓரங்களை நெருக்கி வைத்து அழுத்தினார்கள். ஒரு பக்கம் கொடுத்த சமிக்ஞை மறுபக்கம் பெருகி வந்தது. அதுதான் முதல் டிரான்சிஸ்டர்.

என் அப்பா புறக்கோட்டையில் றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். வால்வு றேடியோ எப்படி என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரிய மரப்பெட்டி. திருகினால் உடனே பேசாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவக்கும், மெழுகும் தூசியும் சூடாகிற ஒரு வாசம் வரும், முன்னால் பச்சைக் கண் மாதிரி ஒரு விளக்கு விரியும். அதற்குப் பிறகுதான் முதலில் இரைச்சல், பிறகு குரல். வால்வு எரிந்தால் பெட்டியைத் துணியில் சுற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா வால்வைக் காதருகே வைத்து நகத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மின்சாரம் இல்லாத வீட்டுக்கு அந்தப் பெட்டி எட்டாக்கனி. டிரான்சிஸ்டர் வந்த பிறகு நாலு பற்றரி போதும். கொழும்பிலிருந்து போன தமிழ்ப் பாட்டு தோட்டத்து லயத்துக்கும் போனது, கடல் தாண்டி இராமநாதபுரத்துத் தேத்தண்ணிக் கடைக்கும் போனது. அறிவிப்பாளர்கள் மயில்வாகனனையும் கே. எஸ். ராஜாவையும் தமிழ்நாட்டில் வீட்டுப் பிள்ளைகள் போலக் கொண்டாடினார்கள் என்றால் அந்தச் சின்னப் பெட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

இனிக் கிளார்க். 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு நிலையத்தை வைத்தால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், கீழிருந்து பார்க்க அசையாமல் நிற்கும், மூன்று வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார். ஆனால் அவர் நினைத்தது ஆட்கள் குடியிருந்து பராமரிக்கிற நிலையங்களை. அவருக்குத் தெரிந்தது வால்வு மட்டும்தான். வால்வு எரிந்தால் மாற்ற ஆள் வேண்டும், என் அப்பா மாதிரி ஒருவர்! ஆள் இல்லாமல் வானத்தில் ஒரு கருவி வருடக்கணக்கில் ஓடும் என்ற நிலையை உண்டாக்கியது டிரான்சிஸ்டர். அது வேலை செய்த அன்றைக்குக் கிளார்க்குக்குச் சரியாக முப்பது வயது நிறைந்தது. அவருக்கு அன்று அது தெரிந்திருக்க வழியில்லை.

மணிக்கூடு | டிசம்பர் 11, காலை 6.50

அருமையான பதிவு தம்பி. ஒரே ஒரு சந்தேகம். டிரான்சிஸ்டருக்கு டிசம்பர் 23 என்று என் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டாம்குறுக்கு | டிசம்பர் 11, காலை 8.10

இரண்டும் சரி ஐயா. 16 கருவி வேலை செய்த நாள். 23 ஆய்வுகூடத்து மேலதிகாரிகளுக்குச் செய்து காட்டிய நாள். பார்டீன், பிராட்டன், அவர்களோடு ஷொக்லி, மூன்று பேருக்கும் 1956இல் நோபல் கிடைத்தது. கிளார்க் இலங்கைக்கு வந்த அதே வருடம்.

பொறளைச்சந்தி | டிசம்பர் 11, காலை 8.45

தம்பி, நீங்கள் வைத்த கண்ணியில் இன்னொன்றைக் கோர்க்கிறேன். 1975இல் இந்தியா செய்மதி மூலம் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிப் பார்த்தது. அப்போது இந்தியப் பொறியியலாளர்கள் வந்து கிளார்க்கின் கொழும்பு வீட்டில் ஒரு பெரிய கிண்ண அன்ரெனாவைப் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல். அதற்கு நாலு வருடம் முன்னால், தான் முப்பது வருடத்துக்கு முந்திக் கடதாசியில் எழுதிய யோசனை வானத்திலிருந்து தன் வீட்டுக்குள் படமாக இறங்குவதை அந்த மனிதர் பார்த்தார்.

இன்னும் ஒன்று. 2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாளுக்காக ஒரு வீடியோவில் மூன்று ஆசைகளைச் சொன்னார். பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு ஒரு சான்று, எண்ணெயை விட்டுச் சுத்தமான சக்திக்கு மாறுவது, மூன்றாவது இலங்கையில் நிலையான சமாதானம். அப்போது நாடு எப்படிக் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதத்தில் இறந்துவிட்டார்.

டிசம்பர்க்காரி | டிசம்பர் 11, பிற்பகல் 3.30

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். 1975, எனக்கு ஏழு வயது. அம்மா வானொலிப் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு ஒரு தபாலட்டை எழுதினா. அட்டை சின்னது, சொந்தம் பெரிது. அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா, அம்மம்மா, மாமாமார், மாமிமார், சித்திமார் என்று எறும்பு ஊர்கிற மாதிரி எழுதி, கடைசியில் முகவரி எழுதுகிற பக்கத்திலும் கொஞ்சம் எழுதினா. காலையில் பெட்டியைச் சுற்றி நின்றோம். என் பெயருக்கு முன் வேறு இரண்டு பிள்ளைகள். ஒன்று பதுளை, ஒன்று பருத்தித்துறை. பிறகு என் பெயர். சித்திமாரை வாசிக்கவில்லை, அம்மாவுக்கு அது பெரிய கவலை. எனக்கு மனதில் நின்றது மற்ற இரண்டு பிள்ளைகள்தான். அன்று முழுக்க, பதுளையிலும் பருத்தித்துறையிலும் என்னைப் போலவே புதுச் சட்டையோடு இருவர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவர்களை நினைப்பேன்.

எங்கள் மூன்று பேரின் பெயரையும் வாசித்த வானொலிக்கும் அன்று பிறந்தநாள் என்பது இந்த இழையில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அதற்கு ஐம்பது வயது.

கொழுந்துக்கூடை | டிசம்பர் 11, மாலை 6.15

பிள்ளை, வாசித்துக் கண் கலங்கிவிட்டது. அந்த நிகழ்ச்சியை நாங்களும் விடமாட்டோம்.

கடற்கரைவீதி | டிசம்பர் 12, இரவு 9.40

ஐந்து என்று கேட்டிருந்தேன். பலகையில் இப்படித்தான் எழுதப் போகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"1925 டிசம்பர் 16. வெலிக்கடையிலிருந்து கொழும்பு வானொலி பேசத் தொடங்கியது. அன்று இங்கிலாந்தில் ஒரு பையனுக்கு எட்டாவது பிறந்தநாள். வளர்ந்ததும் அவன் வானத்தில் ஒலிபரப்பு நிலையம் வைக்கலாம் என்று எழுதினான். அவனுடைய முப்பதாவது பிறந்தநாளில், 1947இல், அதற்குத் தேவையான ஒரு சின்னக் கருவி அமெரிக்காவில் முதன்முதல் வேலை செய்தது. பிறகு அவன் கொழும்புக்கு வந்து இங்கேயே வாழ்ந்தான். இப்போது பொறளை கனத்தையில் இருக்கிறான். பெயர் ஆதர் சி. கிளார்க்."

கீழே சின்ன எழுத்தில் போஸ்டன் (கொழுந்துக்கூடை அம்மா சொன்ன திருத்தத்தோடு), ஒஸ்டின், ஹவ்லொக்வாசி ஐயா சொன்னபடி 1971. மூலையில் மார்கழி 1. பீத்தோவனை விடுகிறேன், அவர் 17ஆம் திகதிக்கு வரட்டும். அடியில் ஒரு கோடு போட்டு, "இன்று உங்களுக்குப் பிறந்தநாளா? பெயரை இங்கே எழுதுங்கள்" என்று இடம் விடுகிறேன்.

டிசம்பர்க்காரி | டிசம்பர் 12, இரவு 9.58

முதல் பெயர் என்னுடையது. பின்னேரம் பெறாமகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், கேக்கும் வரும்.

மணிக்கூடு | டிசம்பர் 13, காலை 7.00

"வளர்ந்ததும் அவன்" என்ற இடத்தில் 1945 என்ற ஆண்டைப் போடுங்கள். மற்றபடி பிழை இல்லை.

இரண்டாம்குறுக்கு | டிசம்பர் 13, இரவு 10.50

அப்பாவின் வால்வுப் பெட்டி ஒன்று இன்னும் ஓடுகிறது. 16ஆம் திகதி மூன்று மணிக்குக் கொண்டுவருகிறேன். ஒரு மேசையும் வாசலுக்குக் கிட்ட ஒரு பிளக்கும் வேண்டும். பிள்ளைகள் நாலு மணிக்கு வருவார்கள் என்றால் ஐந்து நிமிடம் முன்பே போட்டுவிட வேண்டாம். அவர்கள் வந்த பிறகு போடுவோம், அது சூடாகிறதை அவர்கள் பார்க்கட்டும்.